மூணு மான்செஸ்டரும் ஒரு பித்தளை ராடும்

சனிக்கிழமை ஒரு கோபம் வந்துச்சு. இன்னும் தணியலை. அதான் எழுத உக்காந்துட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா மக வெளிநாட்டுல மேல படிக்கணும்னு ஆசைப்படறா. "நீங்களும் கூட வந்தா தைரியமா இருக்குமுங்க"ன்னு கூப்பிட்டா. போனோம். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்ற இடம். ஏசி, நல்ல சோபா, சுவர் பூரா நாடு நாடா கொடி. உக்காந்து தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள முதல் கேள்வி வந்துச்சு.

"எந்தக் கன்ட்ரி பாக்கறீங்க?"

என்ன படிச்சிருக்கேன்னு கேக்கலை. எத்தனை வருஷம் வேலை பாத்தேன்னு கேக்கலை. கடன் வாங்கித்தான் போகணுமா, வீட்டுல வேற யாராச்சும் சம்பாதிக்கறாங்களா, எதுவும் கேக்கலை. நேரா கன்ட்ரி.

(துணிக்கடையில கூட முதல்ல "யாருக்குங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் சேலையை எடுத்துப் போடுவாங்க.)

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, போன வருஷம் இதே கேள்விக்குள்ள எங்க வீடு நாலு மாசம் மாட்டிட்டு இருந்துச்சு. என் தம்பிக்காக. அந்த நாலு மாசத்துல நாங்க கத்துக்கிட்டதை இங்க அப்படியே கொட்டிடறேன். யாருக்காவது உதவும்.

கதைக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்ப் பெருமை பேசிக்கறேன்.

கோயமுத்தூருக்கு "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்"னு பேரு. 1888ல முதல் பஞ்சாலை வந்துச்சு. 1930கள்ல பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுக்கு மேல மில்லு. அப்புறம் மோட்டார், பம்புசெட்டு, கிரைண்டர். எங்கப்பா கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்காரு. பம்புக்கு வேண்டிய பாகங்களை ஜாப் ஒர்க் எடுத்துப் பண்றாரு. நானும் தம்பியும் அந்த எண்ணெய் வாசத்துலதான் வளந்தோம்.

தம்பி இங்கயே பி.இ. டிரிபிள்-ஈ முடிச்சுட்டு, மோட்டார் கன்ட்ரோல் போர்டு பண்ற ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் வேலை பாத்தான். மாசம் 35,000 ரூபாய். மேல படிக்கணும்னு ஏழெட்டு இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டான். கடைசியில கையில நின்னது ரெண்டு.

ஒண்ணு இங்கிலாந்துல மான்செஸ்டர் பல்கலைக்கழகம். அசல் மான்செஸ்டரே!

இன்னொண்ணு ஜெர்மனியில கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

கெம்னிட்ஸா? அது எங்க இருக்குன்னு நாங்களும் மேப்லதான் தேடுனோம். கிழக்கு ஜெர்மனி, சாக்சனி மாநிலம். தேடத் தேட எனக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஊருக்கும் ஒரு காலத்துல "சாக்சனியின் மான்செஸ்டர்"னுதான் பேரு! அங்கயும் நூல் மில்லு, நெசவு மெஷின், அப்புறம் ரயில் எஞ்சின், அப்புறம் காரு. ஆடி கார்ல நாலு வளையம் இருக்குல்ல? நாலு கம்பெனி ஒண்ணு சேந்ததுக்கு அடையாளம் அது. 1932ல அப்படிச் சேந்து உண்டான ஆட்டோ யூனியன் கம்பெனியோட ஊரு அந்தக் கெம்னிட்ஸ்தான். 1953லருந்து 1990 வரைக்கும் ஊரோட பேரே கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட். இன்னைக்கும் நடு ஊர்ல ஏழு மீட்டர் உயரத்துக்கு மார்க்ஸோட தலை மட்டும் ஒரு சிலையா இருக்கு.

ஒரு மான்செஸ்டர்ல பொறந்த பையனுக்கு ரெண்டு மான்செஸ்டர்லருந்து அழைப்பு. அப்பாகிட்ட சொன்னேன். "மூணுமே நூல் நூத்த ஊரு, மூணுலயும் மில்லை மூடிட்டு வேற வேலை தேடிக்கிட்டாங்க"ன்னாரு. மனுஷன் பேப்பரைக் கீழ வைக்காமலே சொன்னாரு.

சரி, கதைக்கு வரேன்.

முதல் சண்டை ரேங்க் மேல.

உலகத் தரவரிசைப் பட்டியல் எதை எடுத்தாலும் மான்செஸ்டர் மேல, கெம்னிட்ஸ் ரொம்பக் கீழ. சித்தப்பா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு: "இதுல யோசிக்க என்னடா இருக்கு?" எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மான்செஸ்டரோட வேர் 1824 வரைக்கும் போகுது. ஒரு கம்ப்யூட்டர் தன்னோட நினைவகத்துலயே புரோகிராமை வெச்சு முதல் தடவையா ஓடுனது 1948 ஜூன் 21, அங்கதான். கிராஃபீனைத் தனியா பிரிச்சு எடுத்தது 2004ல அங்கதான், அதுக்கு 2010ல நோபல் பரிசு. சும்மா சொல்லக்கூடாது, பெரிய இடம். அந்த வாசல்ல நம்ம தம்பி நிப்பான்னு நினைச்சா எனக்கே கண்ணு கலங்குச்சு.

ஆனா அந்த ரேங்கை எப்படிப் போடறாங்கன்னு ஒரு ராத்திரி உக்காந்து படிச்சேன். கியூ.எஸ். பட்டியல்ல நூத்துக்கு 30 பங்கு, மத்த பல்கலைக்கழகத்துக்காரங்ககிட்ட "யாரு நல்லவங்க?"ன்னு கருத்துக் கேட்டு வாங்கறது. 15 பங்கு, கம்பெனிகள்கிட்ட அதே மாதிரி கேக்கறது. 20 பங்கு, ஆராய்ச்சிக் கட்டுரைகளை மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டுனாங்கங்கறது. இதெல்லாம் தப்பான கணக்குன்னு நான் சொல்லலை. ஆராய்ச்சிக்குப் போறவங்களுக்கு அது முக்கியம். ஆனா அந்த நூறுல எங்கயுமே, வகுப்புல யாராச்சும் போய் உக்காந்து "பாடம் புரியுதா?"ன்னு பாத்ததுக்கு மார்க் இல்லை. என் தம்பிக்கு வேண்டியது அதுதானே?

ரெண்டாவது சண்டை மார்க் மேல. இது சண்டைன்னு சொல்லக்கூடாது, அம்மாவோட பயம்.

தம்பியோட சி.ஜி.பி.ஏ. 7.8. ஜெர்மன்காரங்க அதை அவங்க கணக்குக்கு மாத்திக்கறாங்க. அங்க 1 தான் உச்சம், 4 தான் பாஸாகற கடைசிப் படி. ஒரு சூத்திரம் இருக்கு: பத்துலருந்து உங்க மார்க்கைக் கழிங்க, அதை உச்சத்துக்கும் பாஸுக்கும் இருக்கற வித்தியாசத்தால வகுங்க, மூணால பெருக்குங்க, ஒண்ணைக் கூட்டுங்க. பாஸ் 5ன்னு வெச்சுக்கிட்டா 7.8க்கு வர்றது 2.3.

அம்மா பதறிட்டாங்க. "ஏங் கண்ணு, ஏழே முக்கால் வாங்குன புள்ளைக்கு ரெண்டரைகூடத் தரமாட்டேங்கறாங்களே, அந்த ஊரு வேண்டாஞ்சாமி!"

புரிய வெச்சேன். உடனே அடுத்து: "அப்ப இங்கிலாந்துல?" அங்க நூத்துக்கு எழுபது வாங்குனா டிஸ்டிங்ஷன், அதுதான் உச்ச வகுப்புன்னேன். "எழுபதுக்கா?" அம்மா முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. அன்னைக்கு அம்மாவோட ஓட்டு மான்செஸ்டருக்குப் போயிடுச்சு. (பல்கலைக்கழகத்துலருந்து கொஞ்சம் நடந்தா கறி மைல்னு ஒரு தெருவே நம்ம பக்கத்துச் சாப்பாட்டுக் கடையா இருக்குன்னு தம்பி சொன்னதும் அந்த ஓட்டு இன்னும் கெட்டியாயிடுச்சு.)

மூணாவதுதான் பெரிசு. பணம்.

எங்க வீட்டுல கணக்கு எல்லாமே தினசரி காலண்டர் தாளோட பின்பக்கத்துலதான். ஒரு தாள்ல மான்செஸ்டர், ஒரு தாள்ல கெம்னிட்ஸ். அப்போ ஒரு பவுண்டு ஏறக்குறைய 116 ரூபாய், ஒரு யூரோ ஏறக்குறைய 99. 2025ம் வருஷக் கணக்குதான் இது, நீங்க பாக்கறப்போ புதுசா பாத்துக்குங்க.

மான்செஸ்டர் தாள்: ஒரு வருஷப் படிப்பு. கட்டணம் மட்டும் 30,000 பவுண்டுக்கு மேல. லண்டனுக்கு வெளிய இருக்கற ஊருன்னா செலவுக்கு மாசம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாசத்துக்குக் காட்டணும். அது 10,224. விசாவுக்கு 524. அப்புறம் அந்த நாட்டு மருத்துவ வசதிக்குன்னு ஒரு கூடுதல் கட்டணம், வருஷத்துக்கு 776. படிப்பு ஒரு வருஷந்தான், ஆனா விசாவுல முன்னாடி பின்னாடி சில மாசம் சேத்துத் தருவாங்க, அதனால ஒன்றரை வருஷத்துக்கு 1,164 கட்டணும். எல்லாம் கூட்டுனா விமான டிக்கெட் சேக்காமலே 49 லட்சத்தைத் தொட்டுச்சு.

கெம்னிட்ஸ் தாள்: ரெண்டு வருஷப் படிப்பு. கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு சில நூறு யூரோ மட்டும் கட்டணும். நம்ம ஊருச் சான்றிதழ் அசல்தானான்னு சரிபாக்கற ஏ.பி.எஸ். சான்றிதழ் ஒண்ணு வாங்கணும், 18,000 ரூபாய். அப்புறம் முடக்கு கணக்கு. ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்குல போட்டுப் பூட்டிடணும். அங்க போனதுக்கு அப்புறம் மாசம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்ப வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதுலருந்துதான். அந்தக் கணக்குப்படியே ரெண்டு வருஷம் ஓட்டுனா ஏறக்குறைய 24 லட்சம்.

(ஜெர்மனின்னாலே எல்லாம் இலவசம்னு நினைச்சுட வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல 2017லருந்து நம்மளை மாதிரி ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து போறவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துலயும் 2024 அக்டோபர்லருந்து கட்டணம் வந்துடுச்சு, முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000லருந்து 6,000 யூரோ வரைக்கும். மாநிலத்தையும் பல்கலைக்கழகத்தையும் பாத்துட்டுப் பேசணும்.)

49க்கு 24. பாதி. அப்ப முடிவாயிடுச்சுன்னு நினைக்கறீங்களா? இல்லைங்க. சித்தப்பா நல்ல கேள்வி கேட்டாரு. "அங்க ஒரே வருஷத்துல முடிச்சுட்டு ரெண்டாவது வருஷம் சம்பாதிக்க ஆரம்பிச்சிடுவான். கெம்னிட்ஸ்ல ரெண்டு வருஷம், அதுவும் ஜெர்மனியில நம்ம பசங்க நிறையப் பேரு ரெண்டரை, மூணு வருஷம் இழுத்துடறாங்களாமே. அந்தச் சம்பளத்தைக் கணக்குல சேத்தியா?"

சேக்கலை. சேத்துப் பாத்தா வித்தியாசம் நிஜமாவே சுருங்குச்சு. மூணு வருஷம் ஆனா கெம்னிட்ஸும் 35 லட்சம்.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. இது மலிவா கெராக்கியான்னு பாக்கற விஷயமே இல்லை. ஒண்ணு நம்மகிட்ட பணத்தை வாங்கிக்குது. இன்னொண்ணு வருஷத்தை வாங்கிக்குது. நம்மகிட்ட எது இருக்கு?

பேங்குக்குப் போனேன். 40 லட்சம் கடன், பத்தரை சதவீதம் வட்டின்னு வெச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டோம். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் ஏறக்குறைய 54,000. படிக்கற காலத்துல தவணை கட்ட வேண்டாம்னு சொல்றாங்க. ஆனா வட்டி தூங்கறதில்லை. வருஷத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் ஏறிக்கிட்டே இருக்கும்.

4.20 லட்சம்.

என் தம்பியோட ஒரு வருஷச் சம்பளம் அதுதான். மாசம் 35,000, பன்னெண்டு மாசம். அவன் இங்க காலையில ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வந்து சம்பாதிச்ச மொத்தமும், ஒரு கடனோட வட்டிக்குச் சமம். அந்தக் காலண்டர் தாளை இன்னும் வெச்சிருக்கேன்.

நாலாவதா, ஒரு வருஷப் படிப்புன்னா உள்ள எப்படி இருக்கும்னு தேடுனேன். இதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லலை. செப்டம்பர்ல போய் இறங்கணும். ஜனவரியில முதல் பரீட்சை. மே மாசம் அடுத்தது. கோடையில ஆய்வேடு. செப்டம்பர்ல முடிஞ்சது. இங்கிலாந்துல பெரிய கம்பெனிங்க புதுசா படிச்சு வர்றவங்களை எடுக்கறதுக்கு விண்ணப்பம் திறக்கறது எப்போ? முந்தின வருஷ இலையுதிர் காலத்துல. அதாவது, நம்ம பையன் போய் இறங்கி, பெட்டியைப் பிரிச்சு, எந்த பஸ் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குள்ள வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கணும்!

தப்புன்னு சொல்லலை. அது ஒரு ஓட்டம். தெரிஞ்சு ஓடறவங்களுக்கு அருமையான ஓட்டம்.

நடுவுல விதி வேற மாறுது. நாங்க பேசிக்கிட்டு இருந்தப்பவே, 2025 மே 12ந் தேதி, பிரிட்டன் அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை விட்டுச்சு. படிச்சு முடிச்சு அங்கயே தங்கி வேலை தேடறதுக்கு ரெண்டு வருஷம் குடுக்கறதைப் பதினெட்டு மாசமா குறைக்கப்போறோம்னு. (பின்னாடி, 2027 ஜனவரி 1லருந்து விண்ணப்பிக்கறவங்களுக்குன்னு தேதியும் குறிச்சாங்க.) ஜூலையில அந்த நாட்டு வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 41,700 பவுண்டுக்கு ஏறுச்சு, புதுசா படிச்சு வர்றவங்களுக்கு 33,400. ஜெர்மனியில மட்டும் விதி மாறலையா? அந்த முடக்கு கணக்குத் தொகை 2024 ஆகஸ்ட் வரைக்கும் 11,208 தான். எங்கயும் மாறும். மாறும்போது தாங்கறதுக்கு நம்மகிட்ட இடம் இருக்கான்னுதான் பாக்கணும்.

அம்மாவுக்கு இன்னொரு பயம் இருந்துச்சு. யாரோ ஒருத்தங்க, 2018 ஆகஸ்ட்ல கெம்னிட்ஸ்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு எதிரா நடந்த கலவர வீடியோவை அனுப்பிட்டாங்க. அது நடந்தது நிஜம். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. ஆனா 2024ல இங்கிலாந்துலயும் ஊர் ஊரா அந்த மாதிரி கலவரம் நடந்துச்சு. அதனால தம்பி ரெண்டு ஊர்லயும் படிச்சிட்டிருக்கற நம்ம பசங்களைத் தேடிப் பிடிச்சு, ராத்திரி எத்தனை மணிக்கு வெளிய போவீங்க, எந்தப் பக்கம் போகமாட்டீங்கன்னு நேரடியாவே கேட்டான். ரெண்டு ஊர்லருந்தும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வந்துச்சு: கவனமா இருக்கோம், நல்லாவும் இருக்கோம்.

இதுக்கு நடுவுலதான் ஒரு ஆலோசனைக்காரர். (பேரு வேண்டாம். சனிக்கிழமை போன இடமும் இல்லை, இது வேற.) மான்செஸ்டர்னு சொன்னதும் எந்திரிச்சு கை குடுத்தாரு. கெம்னிட்ஸ்னு சொன்னதும், "அதெல்லாம் ஒரு யுனிவர்சிட்டியா சார்? மூணு நாள்ல டெபாசிட் கட்டலைன்னா மான்செஸ்டர் சீட்டு போயிடும்"னாரு. எங்கப்பா முகம் வாடிப்போச்சு. மகனோட வாழ்க்கையை நாம தாமதம் பண்ணிக் கெடுத்துடுவோமோன்னு பயந்துட்டாரு.

வீட்டுக்கு வந்து தம்பி பல்கலைக்கழகத்துக்கே நேரா எழுதிக் கேட்டான். மூணு நாள் கெடு எதுவும் கிடையாது.

அப்புறந்தான் புரிஞ்சுது. "ஆலோசனை இலவசம்"னு போர்டு வெச்சிருக்காங்கள்ல? அவங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருது? பிரிட்டன் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலானது, மாணவரைச் சேத்துவிடற ஏஜென்ட்டுக்கு கமிஷன் குடுக்குது. கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் எதுலருந்து கமிஷன் குடுக்கும்? கமிஷன் வாங்கறது தப்பில்லைங்க, நிலத்தரகர்கூட வாங்கறாரு. ஆனா தரகர்கிட்ட போறோம்னு தெரிஞ்சு போறது வேற, டாக்டர்கிட்ட போறோம்னு நினைச்சுக்கிட்டுப் போறது வேற. என் கோபம் முழுக்க அந்த இடத்துலதான்.

முடிவு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். காலண்டர் தாள்லருந்து வரலை. பட்டறையிலருந்து வந்துச்சு.

ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு டீ குடுக்கப் போயிருந்தேன். புதுசா சேந்த பையன் ஒருத்தன் லேத்துல நின்னுக்கிட்டு இருந்தான். பக்கத்துல வீணாப்போன பீஸ் ஒரு குவியல். நான் அப்பாவைப் பாத்தேன். அவரு சிரிச்சாரு.

"அவன் கையில எம்.எஸ். ராடுதான் அம்மிணி குடுத்திருக்கேன். சாதா இரும்பு. போனா போகட்டும். நாலு பீஸ் கெடுக்காம எவனும் கை பழகமாட்டான். பித்தளை ராடைக் குடுத்தேன்னு வெய்யி, விலை தெரிஞ்சு கை நடுங்கும். நடுங்கற கையில எப்படிக் கத்துக்குவான்?"

"அப்ப பித்தளையை யார்கிட்ட குடுப்பீங்க?"

"கை பழகுனவன்கிட்ட. அவனுக்கு எம்.எஸ்.ஸைக் குடுத்து உக்கார வெச்சாத்தான் தப்பு. நேரம் வீணு."

டீ டம்ளரை வெச்சுட்டு அங்கயே நின்னுட்டேன்.

என் தம்பியை எனக்குத் தெரியும். காலேஜ்ல முதல் வருஷம் ரெண்டு அரியர். கடைசி ரெண்டு செமஸ்டர் ஒன்பதுக்கு மேல. அவன் எப்பவுமே அப்படித்தான். மெதுவா பிடிப்பான், பிடிச்சா விடமாட்டான். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதுகூட தெருவுலயே கடைசியாத்தான். அவனுக்கு வேண்டியது ரெண்டு பீஸ் கெடுத்துக்கற இடம். 40 லட்சம் கடனும் ஒரே வருஷமும் அவன் கையில பித்தளை ராடு. முதல் பரீட்சையிலயே கை நடுங்கும். நடுங்கற கையோட வேலை தேடணும், கிடைக்கற முதல் வேலையில ஒட்டிக்கணும்.

அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அக்கா, எனக்கும் அதேதான் தோணுச்சு. ஆனா மான்செஸ்டரை வேண்டாம்னு சொன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்கன்னு பயமா இருந்துச்சு"ன்னான்.

சொன்னாங்கதான். சித்தப்பா ரெண்டு வாரம் பேசலை. பரவாயில்லை.

ஜெர்மன் பக்கம் போறவங்களுக்கு ரெண்டு விஷயம் அழுத்திச் சொல்லணும்.

ஒண்ணு, மொழி. பாடம் இங்கிலீஷ்ல நடத்தறாங்கன்னு நம்பி மொழி கத்துக்காம போயிடாதீங்க. வகுப்புக்குள்ளதான் இங்கிலீஷ். வீட்டு ஓனர், பதிவு ஆபீஸ், கடை, வேலை எல்லாம் ஜெர்மன். தம்பி இங்க கோயமுத்தூர்லயே முதல் நிலையை முடிச்சுட்டுத்தான் போனான். ராத்திரி அவன் சத்தம் போட்டுப் படிக்கறதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் கொஞ்சம் வந்துச்சு. மருத்துவக் காப்பீட்டுக்கு அவங்க வார்த்தை க்ராங்கன்ஃபெர்ஸிஷெருங். கேக்க ரயில்வண்டி மாதிரி இருக்கு. பிரிச்சா க்ராங்கன்னா நோயாளிங்க, ஃபெர்ஸிஷெருங்னா காப்பீடு. நம்ம தமிழ்ல சொல்லைச் சேத்துச் சேத்து எழுதறோமே, அதே வேலைதான்! இன்னொண்ணு, துணை வாக்கியத்துல அவங்களும் வினையைக் கடைசியில கொண்டுபோய் வெக்கறாங்க. இங்கிலீஷ்ல யோசிச்சா தலை சுத்தும். "தமிழ்ல யோசிச்சேன்க்கா, டக்குனு பிடிபட்டுச்சு"ன்னான். எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷத்தை அளக்க முடியாது.

ரெண்டு, அங்க நேரம் இருக்குன்னா அளவில்லாம இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஒரு பரீட்சையைப் பொதுவா மூணு தடவைதான் எழுதலாம். மூணும் போச்சுன்னா அந்தப் படிப்பே போச்சு. எம்.எஸ். ராடுக்கும் நீளம் உண்டு. அதையும் ஞாபகத்துல வெச்சுக்கணும். வேலை பாக்கறதுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அனுமதி, முடிச்சதும் வேலை தேட பதினெட்டு மாசம். இதெல்லாம் நல்ல விஷயம். ஆனா பகுதிநேர வேலையில வர்ற யூரோவைப் பாத்துட்டு படிப்பை விட்டவங்களும் இருக்காங்கன்னு அங்க இருக்கற பசங்களே சொல்றாங்க.

சரி, சனிக்கிழமைக்குத் திரும்பி வரேன். அந்த ஏசி ரூம்லருந்து வெளிய வந்து, கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடையில உக்காந்து, பக்கத்து வீட்டு அக்கா மககிட்ட நான் கேட்ட கேள்வியை இங்கயும் எழுதறேன்.

எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கே? ஆறு வருஷம், திருப்பூர்ல ஒரு ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சன்டைசர். என்ன கத்துக்கணும்னு தெளிவா தெரியுமா? தெரியுமுங்க, சப்ளை செயின். விரல் விட்டு எண்ணுற மாதிரி சொன்னா. கையில சேமிப்பு? 14 லட்சம். படிச்சுட்டு வேலை கிடைக்கலைன்னா? "பழைய கம்பெனியில திரும்ப எடுத்துக்கறேன்னு ஓனரே சொல்லியிருக்காருங்க. என்னோட பையர் பாதிப் பேரு இங்கிலாந்துலதான் இருக்காங்க." ரெண்டு மூணு வருஷம் ஒதுக்க முடியுமா? "முடியாதுங்க. அம்மாவைத் தனியா விட்டுட்டு ஒரு வருஷத்துக்கு மேல இருக்கமாட்டேன்."

நான் உடனே சொன்னேன்: "நீ இங்கிலாந்துக்குப் போ கண்ணு."

அவ அசந்துட்டா. "உங்க தம்பிக்கு ஜெர்மனிதானே சொன்னீங்க?"

ஆமா. அவனுக்குச் சொன்னேன். உன் கை பழகுன கை. உன்கிட்ட பித்தளையைத் தாராளமா குடுக்கலாம். உனக்கு எம்.எஸ். ராடைக் குடுத்து ரெண்டு வருஷம் நிக்க வெச்சாத்தான் தப்பு. கடன் மட்டும் எவ்வளவுன்னு பாத்துக்குவோம், ஊரும் சின்ன ஊரா பாப்போம், கட்டணம் குறைவா இருக்கற இடமா தேடுவோம்னு சொன்னேன். இப்ப அவ ஒரு காலண்டர் தாளை எடுத்து வெச்சிருக்கா.

இதைத்தாங்க நான் சொல்ல வந்தது. எந்த நாடு ஒசத்தின்னு கேட்டா பதிலே கிடையாது. இந்தப் புள்ளை எத்தனை பீஸ் கெடுத்துக் கத்துக்கும், அதுக்கு எந்த ராடு நமக்குக் கட்டுப்படியாகும்னு கேளுங்க. அதை உங்க வீட்டு ஆளுங்களைத் தவிர வேற யாராலயும் சொல்ல முடியாது. எந்தச் சோபாவுல உக்காந்து கேட்டாலும்.

தம்பி போன அக்டோபர்ல போனான். பையில ரெண்டு கிலோ மிளகாய்த்தூள், அம்மா குடுத்துவிட்ட பருப்புப் பொடி, அப்பாவோட பழைய வெர்னியர். (அங்க அது தேவையே இல்லை. ஆனா வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனான்.) டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுதுன்னு சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு. அந்த மாசம் நாங்க தினமும் வீடியோ கால் பண்ணுனோம்.

முதல் செமஸ்டர் பரீட்சை பிப்ரவரியில. ரிசல்ட் வந்த அன்னைக்குக் கூப்பிட்டான். நான் பட்டறையில இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டேன்.

"அக்கா, ஒரு பேப்பர் போச்சு."

எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அவன் குரலைக் கவனிச்சேன். நடுக்கம் இல்லை. எங்க தப்பு பண்ணுனேன், எந்தக் கேள்வியில நேரத்தை விட்டேன்னு அவனே சொல்லிக்கிட்டு இருந்தான், அரியர் போட்ட முதல் வருஷத்துல சொன்ன மாதிரியே.

அப்பா லேத்தை நிறுத்தல. வேலை பாத்துக்கிட்டே கேட்டாரு.

"எத்தனை தடவை எழுதலாம்னு சொன்னே?"

"மூணுங்கப்பா."

"ஒரு பீஸ்தான போச்சு. ராடு இன்னும் இருக்குல்ல சாமி. பாத்து நிதானமா பண்ணு."